வீட்டில் செய்ததும், வீட்டை விட்டுப் போனதும்



சென்ற தீபாவளிக்கு மறுநாள் காலை நம் பார்க்கிங்கில் நடந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் நான்கு பேர் தரையில் உட்கார்ந்து, முந்தைய இரவு வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தை ஒரு செய்தித்தாளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் பார்த்துச் சத்தம் போட்டதால் தீக்குச்சி உரசப்படவில்லை. "ஏன் கண்ணு இப்படி?" என்று கேட்டேன். ஒரு பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "மத்ததெல்லாம் கடையில வாங்கினது ஆன்ட்டி. இது நாங்களே செய்யிறது."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். என் அண்ணன் பத்து வயதில் இதையேதான் செய்தான். அவன் வலது கையில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

அந்தப் பையன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. நம் கிளப் ஹவுஸ் கொண்டாட்டத்தை நினைத்துப் பாருங்கள். அலங்காரம் ஆன்லைனில் வந்தது. இனிப்பு அட்டைப்பெட்டியில் வந்தது. பிள்ளைகளுக்கான பரிசு பிளாஸ்டிக் உறையில் வந்தது. அவர்கள் கைக்கு வேலையே இல்லை. நாடு முழுவதற்கும் பண்டிகைப் பொருள் செய்து அனுப்பும் விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி ஆகிவிட்டோம்.

இங்கே வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்தார்கள், அதில் எது வீட்டை விட்டுப் போனது, ஏன் போனது, எதைத் திரும்ப வீட்டுக்கு அழைக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இடையிடையே நீங்கள் இந்தத் தீபாவளிக்குச் செய்து பார்க்கச் சில செய்முறைகளும் உண்டு.

கொடியின் ஊர், பிடி அரிசியின் ஊர்

நம் ஊருக்குப் பழைய பெயர் விருதுபட்டி. விருது என்றால் கொடி என்றும் பொருள். பல ஊர்களை வென்று கொடிகளைச் சுமந்து வந்த ஒரு வீரனை இந்த ஊர்க்காரர் ஒருவர் வீழ்த்தி, அவன் கொண்டுவந்த கொடிகளைக் கைப்பற்றினார் என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். கதை எப்படியோ, 1923-இல் விருதுபட்டி விருதுநகர் ஆனது.

கொடியை விட எனக்குப் பிடித்த வரலாறு அடுப்படியில் இருக்கிறது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையை இந்த ஊர் பிடி அரிசி கொண்டு வளர்த்தது. சோறு பொங்க அரிசி அளக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டு வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்குவார்கள். பெரிய ஜமீனோ அரசாங்கமோ வந்து செய்யட்டும் என்று காத்திருக்காமல், வீட்டுக்கு ஒரு பிடி என்று ஊர்க் காரியத்தை நடத்திய இடம் இது. நம் அசோசியேஷன் மாதச் சந்தாவும் ஒரு வகையில் அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைதான்.

திண்ணையில் பிறந்த தீப்பெட்டி

இந்தக் கரிசல் பூமியில் மழை குறைவு. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் போட்டு, மழை பொய்த்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேறு வேலை தேடித்தான் சிவகாசியிலிருந்து 1922-இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலை அங்கே கற்றுக்கொண்டு வந்து, அடுத்த ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். அதே 1923-இல்தான் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று பம்பாயில் இயந்திரத் தீப்பெட்டிக்காக விம்கோவை நிறுவியது. ஒருபக்கம் ஐரோப்பிய இயந்திரம், மறுபக்கம் கரிசல் காட்டுக் கைகள். இந்தப் போட்டியில் கைகள் பல்லாண்டு தாக்குப்பிடித்தன.

அதற்குக் காரணம் வீடுகள். மருந்து முக்குவது மட்டும்தான் ஆலையில் நடந்தாக வேண்டும். மெல்லிய மரச்சீவலை மடித்து ஊதாத் தாள் சுற்றி அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுவதற்கு ஒரு திண்ணை போதும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி சுற்றிய கிராமங்களில் பெண்கள் சமையல் முடித்து உட்கார்ந்தால், பேச்சும் நடக்கும், பெட்டியும் சேரும். என் அம்மாவும் ஒட்டினார். கணக்கு குரோஸில்: ஒரு குரோஸ் என்றால் 144. நான் வாய்ப்பாட்டில் பன்னிரண்டைக் கற்றதே அம்மா பெட்டி எண்ணுவதைக் கேட்டுத்தான்.

இதை இனிமையான நினைவாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். அந்தத் திண்ணையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாலையில் கிராமங்களிலிருந்து பேருந்துகள் சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு ஆலைகளுக்குப் போன காலமும் இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. ஆலை வாசலில் நின்ற சட்டம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. அந்த வழக்கு தொடங்கியது நம் சிவகாசிப் பிள்ளைகளை வைத்து.

ஆகவே "அந்தக் காலத்தில் பிள்ளைகள் எவ்வளவு வேலை செய்தார்கள்!" என்று நாம் பெருமூச்சு விடும் முன் யோசிக்க வேண்டும். கூலிக்காக ஒரு பிள்ளை பெட்டி ஒட்டுவதும், தன் வீட்டு வாசலில் கட்ட ஒரு பிள்ளை தோரணம் ஒட்டுவதும் ஒன்றல்ல. பசையும் தாளும் அதேதான். முதலாவதை ஒழிக்க நீண்ட காலம் ஆனது. இரண்டாவது, யாரும் ஒழிக்காமலே, நம் வீடுகளிலிருந்து தானாகக் காணாமல் போனது.

நெருப்பு வீட்டை விட்டுப் போன கதை

தீப்பெட்டி மருந்து தெரிந்தவர்களுக்கு மத்தாப்பு தூரமில்லை. மழை குறைந்த வறண்ட காற்று, விவசாயத்துக்குச் சாபமென்றாலும், மருந்து காய்வதற்கு வரமாக அமைந்தது. வெடிபொருள் சட்டம் 1884 முதலே இருந்தது. 1940-இல் வந்த விதிகளின்படி பட்டாசு தயாரிக்க உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வரவும் வழியில்லாமல் போனது. அந்த ஆண்டுகளில்தான் சிவகாசியில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. நாட்டின் தீபாவளி இங்கிருந்து புறப்படத் தொடங்கியது.

விதிகள் சொன்ன அடிப்படைப் பாடம் ஒன்றுதான்: மருந்தும் வீடும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. சிவகாசி சாலையில் போகும்போது பட்டாசு ஆலைகளைக் கவனித்திருப்பீர்கள். பெரிய கட்டடமாக இருக்காது. பொட்டலில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது, உள்ளே இருப்பவர் உடனே வெளியே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளியும் வாசல்களும். மருந்து கையாளும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

இந்தக் கணக்கு தவறும் இடத்தில் உயிர் போகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலைக்கே இந்த நிலை என்றால், அனுமதியில்லாமல் வீட்டுக்குள் மருந்து வைத்து வேலை செய்வது எவ்வளவு பெரிய ஆபத்து! அப்படிச் செய்து வீட்டோடு கருகிய செய்திகளை நாம் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வறுமை விரட்ட அந்த வேலைக்கு இறங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளையாட்டாகக் கூட மருந்தைப் பிரித்துக் கொட்டக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வெறுமனே அதட்டாமல் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். "பக்கத்து ஊரில் வேலை தெரிந்த பெரியவர்களே தனித்தனி அறையில், தள்ளித் தள்ளி உட்கார்ந்துதான் இதைத் தொடுகிறார்கள்" என்றால் அவர்களுக்குப் புரியும்.

நெருப்பு வீட்டை விட்டுப் போனது சரி. அது திரும்பி வரக் கூடாது. மற்றவை வரலாம்.

தாள்: சிவகாசி நமக்கு விட்டுவைத்தது

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுப் பெட்டிக்கு வண்ணப் படம் வேண்டும். அதற்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்தன. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஊருக்கெல்லாம் புத்தாண்டு ஜனவரியில் என்றால் சிவகாசிக்கு அது ஆடியிலேயே வந்துவிடும்.

உங்கள் வீட்டு ஆணியில் தொங்கி முடிந்த மாதக் காலண்டர் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். கெட்டித் தாள், நல்ல வண்ணம். ஓர் அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்தில் பட்டைகளாக வெட்டுங்கள். ஒரு பட்டையை வளையமாக ஒட்டி, அடுத்ததை அதற்குள் விட்டு ஒட்ட, அதற்குள் இன்னொன்று. நாற்பது வளையத்தில் ஒரு வாசலுக்கான சங்கிலித் தோரணம் ஆயிற்று. பசைக்கு இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கண்ணாடி மாதிரி இறுகும். ஆறிய பிறகு தொடலாம். என் அம்மா பூச்சி அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம் போடுவார். அது நஞ்சு. பிள்ளைகள் செய்யும்போது வேண்டவே வேண்டாம்.

பாலும் மாவும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பாலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ட வழி பால்கோவா. குளிர்பதனம் இல்லாத காலத்தில் பாலைக் கெடாமல் வெளியூர் அனுப்ப, அதைச் சுண்டக் காய்ச்சுவதுதான் உபாயம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. ஆண்டாள் கோயிலுக்கு வருபவர்கள் கையில் பொட்டலம் இல்லாமல் திரும்புவதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மறு ஆண்டு பக்கத்து மாவட்டத்துக் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் கிடைத்தது.

வீட்டில் செய்ய ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பாலும் 125 கிராம் சர்க்கரையும் போதும். அடிகனமான, வாயகன்ற வாணலியில் பாலை ஊற்றிப் பொங்கவிட்டு, பிறகு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் படியும் ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் பால் சுண்டிக் கெட்டியாகும்போது சர்க்கரையைச் சேருங்கள். மறுபடி இளகும், பயப்பட வேண்டாம். கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கும் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். அடுப்படி வேலை பெரியவர்களுக்கு, பட்டர் பேப்பரில் பொட்டலம் மடிப்பது பிள்ளைகளுக்கு.

சாத்தூர் என்றால் சேவு. காரம், பூண்டு வாசனை, வாயில் போட்டால் உடையும் மொறுமொறுப்பு. இரண்டு கப் கடலைமாவு, அரை கப் அரிசிமாவு, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் பொடித்த மிளகு, சிட்டிகை பெருங்காயம், உப்பு. ஆறு பல் பூண்டை அரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். திப்பி இருந்தால் அச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு மேசைக்கரண்டி சூடான எண்ணெய் விட்டுப் பிசறி, தேவைக்குத் தண்ணீர் தெளித்து மென்மையாகப் பிசையுங்கள். பெரிய துளை அச்சில் போட்டு, மிதமான சூட்டில் எண்ணெயில் பிழிந்து, சலசலப்பு அடங்கியதும் எடுங்கள். கடையில் வாங்குவது போலவே வராது. ஆனால் மாடிப்படியில் வாசனை இறங்கும்போது எந்த வீட்டில் சுடுகிறார்கள் என்று தேடி வருவார்கள் பாருங்கள், அதுதான் பண்டிகை.

துணி: தறியிலிருந்து தையல் மிஷின் வரை

நம் மாவட்டத்தில் நெருப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், துணியைப் பற்றிப் பேசுவது குறைவு. அருப்புக்கோட்டைத் தெருக்களில் தலைமுறைகளாகத் தறிச் சத்தம் கேட்டது. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலையைத் தொடங்கினார். சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன. தளவாய்புரத்தில் தைக்கும் நைட்டிகள் பல ஊர்க் கடைகளில் தொங்குகின்றன. அங்கே வீட்டு வரவேற்பறையிலேயே தையல் மிஷின் ஓடும். அரசு கொடுக்கும் இலவசத் தையல் இயந்திரத்தை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு.

தீப்பெட்டி போலவே தையலும் வீட்டிலிருந்து சம்பாதிக்கும் வழிதான். ஆனால் ஊசி வெடிப்பதில்லை. அதனால் அது வீட்டை விட்டுப் போகத் தேவையும் இருக்கவில்லை. நம் பிளாட்டுகளில் மட்டும் மிஷின் மேல் துணி போட்டு மூடி, பூந்தொட்டி வைத்துவிட்டோம்.

பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையைத் தைக்கலாம். பழைய பருத்திச் சேலையிலிருந்து ஏழு அங்குல அகலம், பதினெட்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். இரண்டு குட்டை ஓரங்களையும் ஓர் அங்குலம் உள்பக்கம் மடித்துத் தையுங்கள். இதுதான் கயிறு ஓடும் பாதை. பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி துணியை இரண்டாக மடித்து, பக்கவாட்டில் இரண்டு புறமும் அடியிலிருந்து பாதைக்குக் கீழ் வரை தையுங்கள். திருப்பிப் போட்டு, ஊக்கில் கயிற்றைக் கட்டி இரு பாதையிலும் ஓட்டி முடிச்சிட்டால் பை தயார். மிஷின் வேண்டியதில்லை. ஊசியைச் சீராக உள்ளும் வெளியும் விட்டு எடுக்கும் சாதாரண ஓடு தையல் போதும். எட்டு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் தைத்துவிடும்.

மிஞ்சிய துணியை முக்கோணங்களாக வெட்டி ஒரு நீள நாடாவில் வரிசையாகத் தைத்தால் கிளப் ஹவுஸுக்குக் கொடித் தோரணம். விருதுபட்டி என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் எது?

இந்தத் தீபாவளிக்கு

காமராஜரின் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவு காசு கொடுத்தார்கள். பிரசாதம் கொடுக்கும்போது முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜருக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. "ஏன் இவ்வளவுதான்?" என்று வீட்டில் பாட்டி கேட்க, "எல்லோரும் ஒரே காசுதானே கொடுத்தோம்? ஒழுங்காகக் கொடுப்பது அவர்கள் வேலை. நான் ஏன் முண்ட வேண்டும்?" என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

நம் கொண்டாட்டத்துக்கும் இதுதான் அளவுகோல். சென்ற ஆண்டு வாங்கிய ஸ்வீட் பாக்ஸ் செக்யூரிட்டி அண்ணன்மாருக்கும் துப்புரவு செய்யும் அக்காமாருக்கும் வரும்போது தீர்ந்திருந்தது. இந்த முறை பொட்டலம் மடிக்கும்போதே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் எண்ணி மடிப்போம். வீட்டுக்கு ஒரு பிடி என்று ஊர் பள்ளிக்கூடம் நடத்தியது. வீட்டுக்கு ஒரு டப்பா சேவோ பால்கோவாவோ என்றால் ஒரு விழா நடக்காதா?

என் வேண்டுகோள் இவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை கிளப் ஹவுஸில் உட்காருவோம். பழைய காலண்டர், பழைய சேலை, கத்தரிக்கோல், ஊசிநூல் கொண்டுவாருங்கள். பசை நான் கிண்டி வருகிறேன். மூடி வைத்த தையல் மிஷின் இருந்தால் பூந்தொட்டியை இறக்கிவிட்டுத் தூக்கி வாருங்கள்.

பட்டாசைப் பொறுத்தவரை, 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். மொட்டை மாடியிலும் பார்க்கிங்கிலும் வேண்டாம், பின்பக்கத் திறந்த வெளியில் பெரியவர்களோடு மட்டும் வெடிப்போம். முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் டார்ச்சோடு நின்று, வெடிக்காதவற்றின் மேல் தண்ணீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். இந்த ஆண்டு அதற்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் தேவை.

பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்த நால்வரிடமும் போன வாரம் சொல்லிவிட்டேன். நுழைவாயில் தோரணம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. எத்தனை வளையம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு குரோஸ் என்றேன். அப்படியென்றால் எவ்வளவு என்று விழித்தார்கள். இந்த இதழை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். விடை உள்ளேதான் இருக்கிறது.

தீபாவளி வாழ்த்துகள்.